கூண்டில் ஏற ஆளில்லை

ஒரு கட்டடத்தைக் காட்டுவதற்காக நீங்கள் எப்போதாவது சம்பளம் வாங்கியிருக்கிறீர்களா? கேட்கிறவர்களுக்குச் சுகமான வேலை மாதிரித்தான் தெரியும். கட்டடம் ஓடாது, அழாது, சாப்பாடு கேட்காது. ஆனால் அதைப் பார்க்க வருகிற சனம் இந்த மூன்றையும் செய்யும். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிற எல்லாருக்கும் நான் சொல்வது விளங்கும்.

நான் வேலை செய்வது மொன்றியலில் ஒரு பழைய மாவட்ட நீதிமன்றத்தில். ஒரு காலத்தில் அது தனி ஊராம். பிறகு நகரம் பெருத்து வந்து விழுங்கிவிட்டது. வழக்குகளும் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டன. பூட்டிக் கிடக்கவேண்டிய அந்த இடத்தைத் திறக்க வைத்தது ஒரு நாவல். இங்கேயே வளர்ந்த எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி பிரெஞ்சில் எழுதியது.

கதை இதுதான். தமிழ்ச் சனம் நிறைந்த ஒரு பழைய அப்பார்ட்மென்ட். தை மாதக் குளிரில் வீட்டுக்காரன் ஹீற்றரை நிறுத்தி, அது இருக்கிற அறையைப் பூட்டி வைத்திருக்கிறான். குடியிருக்கிற ஒருவர் பூட்டை உடைத்து ஹீற்றரைப் போட்டுவிடுகிறார். வீட்டுக்காரன் வழக்குப் போடுகிறான். 'நாங்கள் வந்து சாட்சி சொல்லுவம்' என்று மாடிக்கு மாடி வாக்குக் கொடுக்கிறார்கள். வழக்கு நாளன்று வந்தது ஒரேயொரு பெண், இடுப்பில் பிள்ளையோடு. எழுதினவள் பெயர்களை மாற்றியிருக்கிறாள். ஆனால் அப்படி ஒரு வழக்கு இந்த மண்டபத்தில் உண்மையிலேயே நடந்தது. அந்த அப்பார்ட்மென்டில் இருந்த சனமும் இன்னும் உயிரோடு இருக்கிறது. என்னுடைய கஷ்டமெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

கோட் வாங்குகிறவள்

முதலில் எனக்கு, வருகிறவர்களின் கோட்டை வாங்கி நம்பர்த்தகடு கொடுக்கிற வேலை. வழிகாட்டி பிரெஞ்சிலும் இங்கிலிஷிலும் விளாசிக்கொண்டு போவார். எங்கள் தாய்தகப்பன்மார் பின்னால் பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நிற்பார்கள். கூட வந்த பிள்ளைகள் பத்து வசனத்துக்கு ஒன்று மொழிபெயர்ப்பார்கள். ஒரு மணித்தியாலம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்த ஓர் அன்ரி, கோட்டின் ஒரு கையை மாட்டியபடி என்னிடம் ரகசியமாகக் கேட்டா: "பிள்ளை, அந்த மனுசன் தப்பினவரோ இல்லையோ?"

அன்றைக்கே எங்கள் மனேஜர் லூயீஸிடம் போய், தமிழில் நான் சுற்றிக் காட்டுகிறேன் என்றேன். "நாவலைப் படித்தாயா?" என்று கேட்டா. "பாதி" என்றேன். பதினோராம் பக்கத்தில் நின்றேன் என்பதுதான் உண்மை. நான் மன்னார்ப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். பிரெஞ்சு இங்கே வந்து வகுப்பில் பிடித்தது. மெற்றோவில் ஒரு ஸ்ரேஷனுக்கு ஐந்து வரி, உடுப்புத் தோய்க்கிற இடத்தில் மெஷின் சுற்றி முடிய இரண்டு பக்கம், மகள் மத்தியானம் நித்திரையானால் ஒரு முழு அதிகாரம். நாலு மாதத்தில் முடித்துவிட்டு மறுபடி போய் நின்றேன். மற்ற மொழிச் சுற்றுக்களிலெல்லாம் கடைசியில் அந்த வழக்குக் காட்சியை வருகிறவர்களே நடித்து முடிப்பார்கள். அதற்குத்தான் இந்த இடத்துக்குப் பெயர். லூயீஸ் சொன்னா: "நாலு ஞாயிறு தருகிறேன். நாலாவதுக்கு நானே வந்து உட்காருவேன். காட்சி நடந்தால் தமிழ்ச் சுற்று இருக்கும், நடக்காவிட்டால் நீ திரும்பக் கோட் வாங்கப் போ."

எல்லாரும் வந்தவை

மண்டபத்தில் பார்வையாளர் உட்கார ஆறு நீள மர வாங்குகள். நெருக்கி இருந்தாலும் நாற்பது பேருக்கு மேல் கொள்ளாது. முதல் ஞாயிறு வந்த பதினான்கு பேரில் ஒன்பது பேர், வழக்கு நாளன்று இங்கேதான் இருந்தவர்களாம். அவர்கள் தங்களோடு வந்ததாகச் சொன்ன சொந்தக்காரரையும் சேர்த்தால் வாசற்படியிலும் ஆள் தொங்கியிருக்கவேண்டும். ஒரு அண்ணை மூன்றாவது வாங்கைத் தடவி, "இந்த மூலையிலதான் நான் இருந்தனான்" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்ப ஏன் அண்ணை, ஒரு பொம்பிளை மட்டும்தான் வந்தவ எண்டு புத்தகத்தில இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவர் கொஞ்சமும் அசையவில்லை. "எழுதேக்கை அவ என்னை மறந்திட்டா, பிள்ளை."

நீதவான் மூன்று பேர்

பிரெஞ்சுச் சுற்றில் குற்றவாளிக் கூண்டில் ஏற அடிபடுவார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சோகமாக வைத்து ஒரு செல்ஃபி எடுக்காமல் இறங்கமாட்டார்கள். எங்கள் ஆட்கள் நேர்மாறு. நீதவானாக நடிக்க யார் என்று கேட்டேன், மூன்று பேர் எழும்பினார்கள். மூன்று பேரும் கேட்ட முதல் கேள்வி, "சுத்தியல் எங்கை?" இந்த நாட்டு நீதவான்மார் சுத்தியல் பாவிப்பதில்லை என்றதும் ஒருவர் மனமுடைந்து உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்காரனாக நடிக்கக்கூட ஆள் இருந்தது. கூண்டுக்கு மட்டும் ஒருவருமில்லை. "சும்மா நடிப்புத்தானே, ரெண்டு வசனம்தான்" என்று கெஞ்சினேன். ஒருவர் கூரையைப் பார்த்தார், ஒருவர் போன் வந்த மாதிரி வெளியே போனார். கார் ரயர்க் கடை வைத்திருக்கிற அண்ணை ஒருவர்தான் வாய் திறந்தார்: "இந்த நாட்டில முப்பத்தைஞ்சு வருசம் ஒரு பார்க்கிங் ரிக்கற்கூட எடுக்காமல் இருந்தது இதுக்குள்ளை ஏறத்தானோ?"

புத்தகத்தில் வந்தவவும் வராதவவும்

இரண்டாம் ஞாயிறு ஒரு அன்ரி, பக்கங்களில் நிறநிறமாய்ச் சின்னக் கடதாசி ஒட்டிய புத்தகத்தோடு வந்தா. நாவலில் எல்லார் வீட்டுக் கதையையும் மாடிப்படியில் நின்று கதைக்கிற ஒரு மனுசி வருவாள். அது தானாம். அது பொய்யென்று நான் ஒவ்வொரு சுற்றிலும் சொல்லவேணுமாம். இதைச் சொல்ல எடுத்துக்கொண்ட அரை மணித்தியாலத்தில் மூன்று வீட்டுக் கதை எனக்குத் தெரிந்துவிட்டது.

அவவோடு வந்த மற்ற அன்ரி கடைசிவரை ஒன்றும் கதைக்கவில்லை. நான் கோட்டை எடுத்துக் கொடுக்கும்போது மெல்லச் சொன்னா: "என்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இதை எழுதின பிள்ளைக்கு அப்ப பள்ளிக்கூடம் போக ஒவ்வொரு நாளும் தலை பின்னிவிட்டது நான்."

அன்றைக்கும் கூண்டு வெறுமைதான்.

ஹீற்றர்

மூன்றாம் ஞாயிறுக்குத் தமிழ்க் கடையில் ஒரு நோட்டீஸ் ஒட்டினேன். வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால் அதற்கு மேல் 'புதிய விளைமீன் வந்துவிட்டது' என்று ஒட்டியிருந்தார்கள். ஞாயிறு பனி கொட்டியது. வந்தது நாலு பேர். அதில் இரண்டு பேர் பாத்ரூம் தேடி வந்தவர்கள். போதாததற்கு மண்டபத்தில் ஹீற்றர் பழுது. நான் விடவில்லை. மிச்ச இரண்டு பேருக்கும் தூண் தூணாகக் காட்டி, பூட்டை உடைக்கிற இடத்தை எழும்பி நின்று சொன்னேன். ஒரு அங்கிள் கடைசிவரை கழற்றாத கையுறையோடு கைதட்டிவிட்டுச் சொன்னார்: "கதை சூடில்லாத வீட்டைப் பற்றித்தான், சரி. அதுக்காக இஞ்சையும் நிப்பாட்ட வேணுமே, தங்கச்சி?"

வீட்டிலிருந்தும் உதவியில்லை

இன்னும் ஒரே ஒரு ஞாயிறு. கோட் வாங்குகிற வேலை ஒன்றும் கேவலமில்லை. ஆனால் அந்த வேலையில் நின்றுகொண்டு 'அந்த மனுசன் தப்பினவரோ' என்று இன்னொரு அன்ரி கேட்பதை என்னால் தாங்கமுடியாது. இந்த முறை நோட்டீஸை நம்பவில்லை. கோயில், தேவாலயம், மகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற கார்டேரியின் வாசல் என்று ஆள் ஆளாகப் பிடித்துச் சொன்னேன்.

கூண்டுக்கு என் மனுசனைத்தான் யோசித்து வைத்திருந்தேன். அவர் துறைமுகத்தில் கொன்ரெய்னர் லொறி ஓடுகிறவர். நல்ல உயரம், நல்ல குரல். இரண்டு வசனம்தான், இறாலும் பொரித்துத் தருகிறேன் என்றேன். இறாலைச் சாப்பிட்டார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு சொன்னார்: "துறைமுகத்துக்குள்ளை போற பாஸ் எனக்கு மூண்டு மாசம் விசாரிச்சுத் தந்தவங்கள். கூண்டுக்குள்ளை நிக்கிற படத்தை ஆரும் போட்டுவிட்டா நீயே வந்து லொறி ஓடுவாய்?"

சிரிக்காதீர்கள். எனக்கும் அதே பயம்தான். பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் கடிதம் வருமென்று பார்த்திருக்கிறவள் நான். கூண்டைத் துடைக்கும்போதுகூட வெளியே நின்று கையை மட்டும் உள்ளே விட்டுத் துடைப்பேன்.

நாலாம் ஞாயிறு

இருபத்தாறு பேர் வந்தார்கள். லூயீஸ் ஓரத்தில் குறிப்பெழுதக் கொப்பியோடு உட்கார்ந்தா. அவவுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் கூண்டு வெறுமையாக இருப்பது எந்த மொழியிலும் தெரியும்தானே.

தூண், கூரை, ஆவண அறை எல்லாம் நன்றாகப் போனது. காட்சி வந்தது. நீதவானாக ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் ஏறினார். சாட்சிக்கு ஒரு இளம்பெண் தன் வசனக் கடதாசியை வாங்கிக்கொண்டாள். கூண்டுக்கு யார் என்றேன். மிச்சப் பேர் எல்லாரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். மறுபடி கேட்டேன். லூயீஸ் பேனாவை மூடினா.

அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. கடிதம் வந்தால் வரட்டும், வராவிட்டால் கிடக்கட்டும் என்று கதவைத் திறந்து நானே உள்ளே ஏறினேன். "ஐயோ பிள்ளை, இறங்கு!" என்று இரண்டு மூன்று குரல். பார்க்க வந்திருந்த தகப்பனின் மடியில் இருந்த மகள் "அம்மா!" என்று ஓடி வந்தாள். திருப்பி அனுப்ப நேரமில்லை, தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வசனத்தைச் சொன்னேன்: "பூட்டை உடைச்சது நான்தான். பிள்ளையளுக்குக் குளிர்ந்தது. எனக்காகச் சாட்சி சொல்ல ஆரும் வந்திருக்கினமோ?"

இளம்பெண் கடதாசியை விரிக்கமுன் கடைசி வாங்கிலிருந்து ஒரு அம்மா எழும்பினா. சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி. "நான் அண்டைக்கு வரேல்லை" என்றா.

அப்படி ஒரு வசனம் என் கடதாசியில் இல்லை.

"நான் நாலாம் மாடி. ஹீற்றர் வந்தவுடனை பிள்ளையளை அதுக்குப் பக்கத்திலை படுக்க வைச்சனான். கட்டாயம் வாறன் எண்டு அந்த மனுசனுக்குச் சொன்னனான். எனக்கு அப்ப இந்த நாட்டிலை இருக்கப் பேப்பர் இல்லை. பயத்திலை வரேல்லை."

பிறகு இரண்டாவது வாங்கில் ஒரு அங்கிள் தொப்பியைக் கழற்றினார். "நானும் வரேல்லை." அதற்குப் பின்னால் ஒரு பெண், "நாங்களும்தான்." என் வேலையில் முதல் தடவையாக, அன்றைக்கு வரவில்லை என்று சொல்கிற ஆட்களைப் பார்த்தேன். நீதவான் உள்ளங்கையால் மேசையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார். நான் மகளின் தலைக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டேன். அந்த அம்மாதான் அவரைக் கூப்பிட்டா: "ஐயா, அண்டைக்குச் சொல்லவேண்டியதை இண்டைக்குத்தான் சொல்லுறம். பிள்ளையோடை நிக்கிறா, விட்டுவிடுங்கோ."

அவர் விட்டார்.

எல்லாரும் கோட் மாட்டிப் போனபிறகு லூயீஸ் வந்தா. எழுதிய காட்சி ஒன்று, நடந்த காட்சி வேறு. கோட் அறைக்குத்தான் அனுப்பப்போகிறா என்று நினைத்தேன். என்ன சொன்னார்கள் என்று கேட்டா. ஒன்றும் விடாமல் சொன்னேன். கேட்டு முடித்து, அந்த அம்மா இருந்த கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தா.

ஆக, வழக்கிலிருந்து என்னை ஐந்து நிமிடத்தில் விட்டுவிட்டார்கள். இந்த வேலையிலிருந்துதான் இனி ஒரு ஞாயிறும் விடமாட்டார்கள் போலிருக்கிறது. விளக்கை அணைக்கமுன் லூயீஸ் என் கையைப் பிடித்துக் கேட்டா: "அடுத்த ஞாயிறு நான் கூண்டில் நிற்கிறேன். எனக்காகச் சாட்சி சொல்ல அந்த அம்மாவை வரச் சொல்லு, தயவுசெய்து."