ராசாங்கம் கொல்லைப் படைப்புழு

மகள் ஜெயசுதா கனடாவில் என்ன படிக்கிறாள் என்று சொந்த ஊர் குன்னத்தில் நாலு பேருக்கு விளக்கிச் சொல்வதற்குள் கலியம்மாளுக்குத் தாவு தீர்ந்துவிடும். கம்ப்யூட்டரில் மேல்படிப்பு என்றால் தலையாட்டுவார்கள். வகுப்பெல்லாம் முடிந்துவிட்டது, இப்போது ஆராய்ச்சி மட்டும்தான் என்றால், “வகுப்பே இல்லாம அவ்ளோ தூரத்துல என்ன பண்றா?” என்பார்கள். நியாயமான கேள்விதான். ஜெயசுதாவே சில நாள் பல் விளக்கும்போது அதைத்தான் யோசிப்பாள்.

மக்காச்சோள இலையைப் போனில் படம் பிடித்துக் காட்டினால், படைப்புழு விழுந்திருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். அப்படி ஒரு ப்ரோக்ராம் எழுதுவதுதான் அவள் ஆராய்ச்சி. இணையத்தில் கிடைத்த படங்களை அது நன்றாகவே கண்டுபிடித்தது. ஆனால் பேராசிரியை விடவில்லை. ஊர் இலையில் தேறுகிறதா பார்க்க வேண்டும், புழு தின்ற இலையாக ஆயிரம் படம் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும், இல்லையென்றால் வேறு தலைப்பு எடு என்று சொல்லிவிட்டார். எட்டு மாத உழைப்பு குப்பைக்குப் போய்விடும். ஜெயசுதா உடனே அப்பா கொளஞ்சிக்குப் போன் போட்டாள்.

“இம்புட்டுதானா பாப்பா? அனுப்பிடறேன்” என்றார்.

மறுநாள் இருநூறு படம் வந்தது. அடடா, ஒவ்வோர் இலையும் துண்டால் துடைத்துவிட்டதில் பளபளவென்று நின்றது. வெளிநாட்டுக்காரர்கள் பார்ப்பார்கள் என்று நாலு படத்தில் கொளஞ்சியும் வெள்ளைச் சட்டையில் விறைப்பாக நின்றிருந்தார்.

“அப்பா, நல்ல எலை வேணாம். புழு தின்னதுதான் வேணும்.”

“நம்ம சோளக் கொல்லையில புழு ஏது? நான் என்ன சோம்பேறியா?”

“அப்ப என் படிப்பு போச்சுப்பா.”

அவர் செருப்பைத் தேடி மாட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “பக்கத்துக் கொல்லை ராசாங்கத்துக்கிட்ட கெடக்கும். போய்ப் பாக்குறேன்” என்றார்.

வியாழக்கிழமை ஆயிரத்து நூற்று நாற்பது படம் வந்து இறங்கியது. குருத்தெல்லாம் சல்லடையாகிக் கிடந்தது. ப்ரோக்ராம் பத்துக்கு ஒன்பதைச் சரியாகப் பிடித்தது. பேராசிரியை சிரித்துக்கொண்டே தலைப்பை ஒத்துக்கொண்டார். ஜெயசுதா அன்றைக்கு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

அடுத்த வேலை, படம் படமாகப் புழு தின்ற இடத்தைக் குறிப்பது. அறுநூற்றுப் பதிமூன்றாவது படத்தில் அவள் கை நின்றது. இலைக்குப் பின்னால் ஓரமாக ஊதாச் சேலை ஒன்று தெரிந்தது. கல்லூரிக் கடைசி நாளில் அவள் கட்டிக் காப்பி கொட்டிக்கொண்ட சேலை. காட்டுப்பன்றி வராமலிருக்கக் கலியம்மாள் பழைய சேலைகளோடு அதையும் அவர்கள் கொல்லையைச் சுற்றிக் கட்டியிருந்தாள். ராசாங்கம் மாமா போட்டிருப்பது கம்பி வேலி.

அதற்கப்புறம் மிச்சப் படங்களை அவளால் ஆராய்ச்சிக்காரியாகப் பார்க்க முடியவில்லை. பாதிக் கொல்லை போயிருந்தது. அழுகையாக வந்தது. முகம் கழுவிவிட்டுப் போன் போட்டாள்.

“அப்பா, ராசாங்கம் மாமாவுக்கு ரொம்பச் சேதமா?”

“பாதிக்கு மேல போச்சு. இருந்தாலும் அவன் அசர்ற ஆளில்ல. அடுத்த வெள்ளாமையில எடுத்துருவான்.”

“அவராலதான் என் படிப்பு தப்பிச்சுது. நான் சொன்னேன்னு அவருகிட்ட சொல்லிருங்கப்பா.”

அந்தப் பக்கம் கொளஞ்சி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கேட்டுக்கிட்டுதான் இருக்கான் பாப்பா.”