கிரீட் டிவிஷன்காரர் வரிசையில் சேர்ந்த நாள்

1986 ஏப்ரல் 25, வெள்ளிக்கிழமை. காலை ஒன்பதரைக்கு நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், பிளாக்ஹவுஸ் பேயிலிருந்து கிளம்பினோம். அன்று போரில் இறந்தவர்களின் நினைவு நாள். அணிவகுப்பு நடக்கும் டொமைன் பூங்காவுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். நான் மலேசியாவின் ஈப்போவிலிருந்து தங்கை வீட்டுக்கு வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. கார் ஓட்டியவர் தங்கை கணவர் சிவபாலன், யாழ்ப்பாணத்துக்காரர். அவர் பக்கத்தில் மனோலிஸ் என்ற கிரேக்கர். வயது அறுபத்தேழு. பென்ரோஸ் பகுதிக் கிடங்கொன்றில் சிவபாலனோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"முப்பது வருசமா இஞ்ச இருக்கிறார், அக்கா. ஒருநாளும் வரிசையில நடக்கேல்லை. ஓரமா நிண்டு பாத்திட்டு வந்திடுவார்," என்றார் சிவபாலன்.

ஏன் என்று மனோலிஸிடமே ஆங்கிலத்தில் கேட்டேன்.

"கிரேக்கப் படையில் எங்கள் டிவிஷனில் பெரும்பாலும் கிரீட் தீவுக்காரர்கள். 1940இல் இத்தாலியரை எதிர்க்க எங்களை அல்பேனிய மலைகளுக்கு அனுப்பினார்கள். இடுப்பளவு பனி. கால் விரல்கள் கருகின. ஆனாலும் அவர்களைப் பின்னுக்குத் தள்ளினோம்." அதுவரை நிமிர்ந்திருந்த குரல் தணிந்தது. "பிறகு ஜெர்மானியர் வந்தார்கள். எங்கள் படை சரணடைந்தது. நடந்தே தெற்குக் கரைக்கு வந்தேன். கடல் தாண்டி ஊருக்குப் போகப் படகில்லை. மே மாதம் எங்கள் தீவில் ஜெர்மானியர் பாராசூட்டில் இறங்கினார்கள். அங்கே போரிட்டது நியூசிலாந்துப் பையன்களும் எங்கள் பெண்களும் கிழவர்களும். நான் இல்லை. எந்த முகத்தோடு அவர்களுடன் நடப்பேன்?"

பத்தே காலுக்குப் பூங்கா மேட்டில் ஏறினோம். அங்கே கைத்தடியோடு நின்ற நெட்டையான நியூசிலாந்து வீரர் ஒருவர், மனோலிஸ் எந்தப் படை என்று விசாரித்தார். பதில் கேட்டதும் தொப்பியைக் கழற்றினார்.

"நான் கிரீட்டில் போரிட்டவன். தோற்ற பிறகு மலையில் ஒரு தாய் என்னை ஒளித்துவைத்தாள். தன் மகனின் சட்டையைக் கொடுத்தாள். மகன் எங்கே என்று சைகையில் கேட்டேன். அல்பேனியா என்று சொல்லி, வடக்கே கை நீட்டினாள். அழவில்லை. நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள்."

அந்தத் தாய்க்கு எந்த ஊர் என்று மட்டும் கேட்டார் மனோலிஸ். வீரர் சொன்னது மனோலிஸின் ஊர் அல்ல.

"அதனாலென்ன? என் பக்கத்தில் நில்லுங்கள்," என்றார் அந்த வீரர்.

பதினொரு மணிக்கு முரசு ஒலித்தது. இருவரும் தோள் சேர நடந்தார்கள். மனோலிஸ் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"கண்டீங்களே அக்கா, அவற்ற நடையை?" என்றார் சிவபாலன்.

எங்கள் அப்பாவை அதே யுத்தத்தில் ஜப்பானியர் சயாமில், இன்றைய தாய்லாந்தில், ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. ஈப்போவில் அவருக்கு அணிவகுப்பு கிடையாது. கூலியாய்ப் போனவர் என்று நாங்களே குரலைத் தாழ்த்தித்தான் பேசுவோம். நான் ஆக்லாந்தை விட்டுக் கிளம்பும் முன், தாத்தா யார் என்று தங்கை மகள் ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் முழுப் பெயரையும், காடு வெட்டி அவர் போட்ட பாதையையும், அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி தமிழில் சொன்னேன்.