கறுப்புப் பானையில் சிவப்புப் பொட்டு

ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டில் பொட்டுக்குத் தப்பும் பொருள் எதுவும் கிடையாது. கார், லேப்டாப், ஃப்ரிட்ஜ், பாத்திரம் கழுவும் மெஷின், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பேன். நான் படித்தது பிளஸ் டூ வரை. நமக்கு உழைக்கிற பொருளுக்கு ஒரு நாள் மரியாதை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வீட்டுக்காரர் இன்ஜினியர். "பொட்டு வெச்சா ஃப்ரிட்ஜ் இன்னும் கூல் ஆகுமா?" என்று கேட்டுவிட்டு, போன வருஷம் பூஜை சமயத்தில் ஆபீஸ் வேலையாக வெளியூர் போய்விட்டார்.

அவருடைய பக்தி வேறு இடத்தில். நியூ மெக்ஸிகோவில் பியூப்லோ பழங்குடி மக்கள் செய்த பழைய கறுப்புப் பானைகளுக்காக, டெக்சாஸில் நாங்கள் இருக்கும் ஃபிரிஸ்கோவிலிருந்து பத்து மணி நேரம் டிரைவ் பண்ணுவார். ஹால் அலமாரியில் ஒன்பது இருக்கின்றன. எதிலும் செய்தவர் கையெழுத்து இல்லை. பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, எந்த ஊர், எந்தக் காலம், யார் கையாக இருக்கலாம் என்று கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன அட்டை எழுதி வைப்பார். தண்ணீர் பட்டால் மெருகு போய்விடுமாம். எனக்குத் தொட உத்தரவில்லை.

மெஷினுக்குக்கூடப் பொட்டு வைத்துவிட்டுப் பானைகளை மட்டும் விட மனசு வரவில்லை. ஒன்பதுக்கும் தண்ணீர் படாமல் வெறும் குங்குமம் வைத்தேன், பூதக்கண்ணாடியின் கைப்பிடிக்கும் ஒன்று. மறுநாள் பானைகளைக் காய்ந்த துணியால் துடைத்தேன். மெருகின் மேல் இருந்ததெல்லாம் போய்விட்டது. ஒரே ஒரு பானையில், மெருகில்லாமல் இறகு வரைந்திருந்த இடத்தில், லேசாகச் சிவப்பு தங்கிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து ஹாலிலிருந்து கூப்பிட்டார்.

"இங்க வாயேன். சாணம் போட்டு மூடிப் புகையில சுடறதால முழுசும் கறுப்பாத்தான் வரும். இதுல பாரு, சிவப்பு. சுட்டப்புறம் வேணும்னே வெச்சிருக்காங்க. ரொம்ப ரேர்."

"யாருங்க வெச்சிருப்பாங்க?"

"யாரோ ஒரு லேடி. கை நடுக்கமே இல்ல."

இருபத்தாறு வருஷத்தில் என் கையை அவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. எப்படிச் சொல்வேன்? வெள்ளிக்கிழமை கோயிலில் ஆஞ்சநேயரிடம் மட்டும் சொன்னேன். அவர் யாரிடமும் சொல்ல மாட்டார்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. இவருடைய பானை குரூப்பில் மூத்தவர் ஒரு அமெரிக்க அம்மா. அவர் சொன்னால் அப்பீலே இல்லை. அவரைச் சனிக்கிழமை வீட்டுக்கு அழைத்துவிட்டார். "அவங்க ஓகே சொல்லிட்டா அடுத்த மீட்டிங்ல நான்தான் பேசறேன்," என்று பேச்சுக்குப் புதுச் சட்டை வேறு வாங்கிவிட்டார். சொல்லாவிட்டால் அந்த அம்மா முன்னால் மனுஷன் மானம் போகும் என்று தெரியும். சொல்ல வாயெடுத்தேன். சட்டையை இஸ்திரி போட்டபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். விழுங்கிவிட்டேன்.

அந்த அம்மா வந்தார். தானாகவே செருப்பைக் கழற்றினார், காபி குடித்தார், பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்தார். பானையைப் பார்த்தார். கைப்பிடியைப் பார்த்தார். திரும்பி ஃப்ரிட்ஜைப் பார்த்தார், அதன் பொட்டு இன்னும் அழியவில்லை. கடைசியாக என் நெற்றியைப் பார்த்தார்.

"ஹூ இஸ் தி ஆர்ட்டிஸ்ட்?"

"மீ, மேடம்," என்று கையைத் தூக்கினேன்.

"நீயா?" என்றார் இவர்.

"கை நடுக்கமே இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க."

அந்த அம்மா தோள் குலுங்கச் சிரித்தார். இவர் புதுச் சட்டையோடு சோபாவில் உட்கார்ந்துவிட்டார். பாவமாக இருந்தது. சிரித்து முடித்ததும் அந்த அம்மா, ஊரும் காலமும் இவர் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார் என்றார். சிவப்பைத் தேய்க்க வேண்டாம், பானைக்கு நடந்ததை உள்ளபடி அட்டையில் எழுதுவதுதான் முறை என்றும் சொன்னார். இவர் பேனாவை எடுத்து, என்னை முறைத்துக்கொண்டே ஒரு வரி சேர்த்தார்: 'சிவப்பு: பிற்காலச் சேர்க்கை. ஃபிரிஸ்கோ. செய்தவர்: என் மனைவி.'

ஒன்பது பானையில் செய்தவர் யார் என்று சந்தேகமே இல்லாமல் எழுதியது அந்த ஒரு வரிதான்.

இந்த வருஷம் பூஜைக்கு வெளியூர் போகாமல் வீட்டிலேயே காவல் இருந்தார். "பானைக்கு ஒரு பொட்டுகூட வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்," என்றார்.

வைக்கவில்லை. ஒன்பது அட்டைக்கும் வைத்தேன்.