தார்ப்பாயில் வந்த பாவாயி

நவீன ஓவியம் என்பது, வரைகிறவனைத் தவிர மற்ற எல்லோருக்கும் திருத்தத் தெரிந்த தொழில். தூரிகை பிடித்து அவதிப்பட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு விளக்க எனக்குப் பொறுமையில்லை. எழுபதுகளின் கடைசியில், எருமப்பட்டிப் பக்கம் இருந்தபோது போட்ட ஒரு படத்தின் கதையை மட்டும் சொல்கிறேன்.

எந்த வண்டிக்கு?

படம் வரையும் துணி மெட்ராஸில்தான் கிடைக்கும். அந்த விலைக்கு நான் எங்கே போவேன்? லாரி டிரைவர் செங்கோடன் பழைய தார்ப்பாய் ஒன்றைக் கொடுத்தான். அதை இழுத்துக் கட்டி, லாரிக்கு அடிக்கிற எனாமல் பெயிண்டில் வரைந்தேன். எங்கள் வெயிலுக்கு அதுதான் தாங்கும்.

நாமக்கல் பெயிண்டுக் கடைக்காரர் முதலில் வண்டி நம்பர் கேட்டார். வண்டி இல்லை, படம் போடப்போகிறேன் என்றேன். அம்மன் படமா என்றார். இல்லை, கால் என்றேன். டப்பாவைத் துடைத்து வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காலுக்கு மேல ஆளு உண்டுங்களா, இல்ல அதுக்குத் தனியா வந்து வாங்குவீங்களா?"

பாயசம்

நான் வரைந்த இடம் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ பேக்டரியின் காலிக் குடோன். முதலாளி சும்மாதான் கொடுத்தார். காலண்டரில் வருவது போல் பேக்டரியை அழகாகப் போட்டுத் தருவேன் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். நான் பார்த்தது வேறு. குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக்குத் தோல் சீவும் பெண்கள் நாள் முழுக்கப் புளித்த தண்ணீரில் நின்றார்கள். விரலிடுக்கெல்லாம் புண். அந்தக் கால்களைத் தட்டு அகலத்துக்குப் பெரிதாக்கிப் படத்தின் கீழே போட்டேன். மேலே அவர்களில் சிலரின் முகங்கள். நடுவில், அங்கே வேலை செய்த பாவாயியின் முகம்.

முதலாளி ரொம்ப நேரம் நின்று பார்த்தார். "ஏனுங்க, இது நம்ம பாவாயியாட்ட இருக்குது?" பாவாயியேதான் என்றேன். காலை அழி, இல்லை மூஞ்சியை மாற்று, இரண்டும் முடியாதென்றால் குடோனைக் காலி பண்ணு என்றார். காரணம் கேட்டேன். "பாயசத்துல போடற பண்டமுங்க இது. குடிக்கறவனுக்கு இந்தக் காலு நெனப்பு வரலாமுங்களா?"

மூஞ்சி யாருது?

குடோன் போனால் போகட்டும். பாவாயிக்கு வேலை போய்விடுமே. சேலத்தில் நாங்கள் சில ஓவியர்கள் சேர்ந்து ஒரு கண்காட்சி வைக்க இருந்தோம். அவளைக் கேட்காமல் படத்தை அங்கே அனுப்ப எனக்கு என்ன உரிமை? கூப்பிட்டேன். கூட வேலை செய்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு வந்தாள். படத்துக் காலுக்குப் பக்கத்தில் தன் காலை வைத்துப் பார்த்தாள். "கொலுசு ஒண்ணு மாட்டி உடுங்க, மவராசிக்கு" என்று ஒருத்தி சிரித்தாள்.

முகத்தை மாற்றினால் வேலை தப்பும் என்று சொன்னேன். பாவாயி சிரிக்கவில்லை. "மூஞ்சிய மாத்திப்போட்டா என்ற காலு ஆறிப்போயிருமுங்களா? அப்படியே இருக்கட்டும், உடுங்க."

மழை

குடோனைக் காலி செய்தேன். படத்தைச் சுருட்டி செங்கோடன் லாரியில் ஏற்றினேன். அதே பேக்டரியின் சேகோ மூட்டைதான் லோடு. சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மூட்டையை இறக்கிவிட்டுப் படத்தைக் கண்காட்சிக்குக் கொண்டுபோவதாகப் பேச்சு. முதலாளிக்கு இது தெரியாது. நான் பஸ்ஸில் முன்னால் போய் மண்டியில் நின்றேன். விலை பேச அவரும் காரில் வந்திருந்தார். ஒருவரை ஒருவர் பார்க்காதது போல் நின்றோம்.

ராசிபுரம் தாண்டியதும் பேய்மழை பிடித்திருக்கிறது. செங்கோடனின் தார்ப்பாயில் கிழிசல். சேகோ நனைந்தால் கூழ். என் படத்தை எடுத்து விரித்து மூட்டைகளின் மேல் கட்டிவிட்டான். பெயிண்ட் அடித்த பக்கத்தில் தண்ணீர் இறங்காது என்று அதை மேலாக வைத்தே கட்டியிருந்தான். லாரி மண்டிக்குள் நுழைந்தபோது பாவாயியின் முகம் மூட்டைகளின் விளிம்பிலும், புண்கால்கள் பக்கவாட்டிலும் தொங்கின. வியாபாரிகள் குடையோடு வந்து சுற்றி நின்றார்கள். "ஏனுங்க, உங்க பேக்டரிப் பொம்பளைங்களா?" என்று ஒருவர் முதலாளியையே கேட்டார்.

முதலாளி செங்கோடன் மேல் பாய்ந்தார். "எவன்டா இதைக் கட்டச் சொன்னது?" செங்கோடன் கயிற்றில் கை வைத்தான். "உங்க மூட்டைதானுங்க நனையாம வந்துருக்குது. வேண்டாம்னா சொல்லுங்க, இப்பவே அவுத்துடறேன்." மழை இன்னும் விடவில்லை.

பலகை

கண்காட்சியில், வழியில் பட்ட சேற்றைத் துடைக்காமல் படத்தை மாட்டினேன். கழுவித் தரச் சொன்ன செயலாளரிடம் முடியாது என்றேன். மாடிப்படி ஓரத்தில் இடம் கொடுத்தார். பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

பாவாயியை வேலையை விட்டு நிறுத்த முதலாளியால் முடியவில்லை. அவர் மண்டிக்குப் போகும்போதெல்லாம், படத்தில் பார்த்த அவளை வியாபாரிகள் விசாரித்தார்களாம். தண்ணீருக்கு மேலே நின்று வேலை செய்யப் பலகை போட்டுக் கொடுத்தார். படத்தில் முகம் இருந்தவர்களுக்கு மட்டும். பாவாயி அதில் ஏறவில்லை. நேராக என்னைத் தேடி வந்தாள். "எங்கூட நிக்கறவளுக அத்தனை பேரையும் போட்டுடுங்க, சாமி. ஒருத்தி உடாம."

அடுத்த தார்ப்பாயை அன்றைக்கே செங்கோடனிடம் கேட்டு வாங்கிவிட்டேன். குடோன் தருகிறேன் என்றுதான் இன்றுவரை எந்த முதலாளியும் வரவில்லை.