வெயில் விழும் பக்கம்

சென்ற ஆண்டு பெருமழை ஓய்ந்த சமயம், ஒரு சனிக்கிழமைக் காலையில், ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் இடையே ரயில் தண்டவாளத்தின் ஓரத்தில் இது நடந்தது. எழுதலாமா வேண்டாமா என்று பல மாதங்கள் யோசித்தேன். என் மகள்தான், "எழுதுங்கம்மா, ஆனா யாரு பேரையும் போடாதீங்க" என்றாள்.

அவள் கம்பாரில் பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு படிக்கிறாள். அவளுக்கு ரயில் பைத்தியம். ஏறிப் பயணம் போகிற ஆசை இல்லை, எஞ்சின்மீதுதான் ஆசை. எங்கேயாவது காட்சிக்கு ஒரு நீராவி எஞ்சினை நிறுத்தி வைத்திருந்தால், அதன் சக்கரத்தைத் தொட்டுக்கொண்டு அரை மணி நேரம் நிற்பாள். எங்கள் பக்கம் இப்போது பயணிகளுக்கு மின்சார ரயில்கள் வந்துவிட்டன. சரக்குப் பெட்டிகளை மட்டும் டீசல் எஞ்சின்கள் இழுக்கின்றன. அவற்றில் மிகப் பழையது ஒன்று வந்தால், எந்த ஸ்டேஷனைத் தாண்டியது என்று வாட்ஸ்அப்பில் செய்தி பறக்கும். இவளைப் போன்றவர்கள் கேமராவோடு காரை எடுத்துக்கொண்டு அதற்கு முன்னால் போய் நிற்பார்கள்.

எனக்குத் தண்டவாளம் என்றாலே பயம். போகாதே என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. கடைசியில் நானும் கூடவே போக ஆரம்பித்தேன். பிளாஸ்க்கில் தேநீர், நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்கள், தொப்பி, கொசு மருந்து எல்லாம் என் பையில் இருக்கும்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி ஒரு தம்பி இருந்தார். முப்பது வயது இருக்கும். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. இரவு வேலை முடிந்து, தூங்காமல் நேராக வந்து நிற்பார். என்னைக் கண்டதும், "அக்கா வந்தாச்சு! இனிமே இங்க ஸ்டேஷன் மாஸ்டர் தேவையில்ல லா" என்று கத்துவார். எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் வேலிக்கு உள்ளே யார் காலை வைத்தாலும் முதலில் திட்டுவது அவர்தான். அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சின் ஓட்டுநர்களுக்கு இவர்களுடைய முகம் பழக்கம். தூரத்தில் பார்த்ததுமே ஹோன் அடிப்பார்கள். உடனே இவர்கள் எல்லோரும் கையைத் தூக்கி ஆட்ட வேண்டும். முதல் முறை நான் சும்மா நின்றபோது அந்தத் தம்பி விடவில்லை. "உங்களுக்கும் சேர்த்துத்தான் அடிக்கிறாரு அக்கா, கை காட்டுங்க, பாவம்!" என்றார். கூச்சத்தோடு ஆட்டினேன். ஓட்டுநர் ஜன்னலிலிருந்து திரும்ப ஆட்டினார். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை வரவிருந்தது அவர்களுக்கு மிகவும் பிடித்த பழைய எஞ்சின். அதற்கு அதுவே கடைசி ஓட்டம் என்று பேச்சு. வழக்கமாக மேம்பாலத்தில் நின்று படம் எடுப்பார்கள். அன்று மட்டும் தரையிலிருந்து, கிட்டத்தில் எடுக்க ஆசைப்பட்டார்கள். எஞ்சினில் வெயில் விழ வேண்டும், இல்லாவிட்டால் படத்தில் வெறும் கறுப்பாக இருக்குமாம். வெயில் விழும் பக்கம் ஒரு பழைய தோட்டம். முன்பு ரப்பர், இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. தோட்டத்து ஜனங்கள் அந்தக் காலத்தில் தண்டவாளத்தைக் கடந்து போன இடத்தில் வேலி பிய்ந்து கிடந்தது.

அந்தத் தம்பி வேலியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "இன்னிக்கு ஒரு நாளு மட்டும் அக்கா. இனிமே இந்த எஞ்சின் வராது" என்றார். மின்சார ரயில் இந்நேரம் தாண்டிப் போயிருக்கும், அடுத்தது வர வெகுநேரம் ஆகும் என்று கைப்பேசியைப் பார்த்துச் சொன்னார்கள். அன்று அந்த ரயில் தாமதமாக வந்துகொண்டிருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது.

உள்ளே நுழைந்ததும் நான் வேலியை ஒட்டியே நின்றுகொண்டேன். அங்கே இரண்டு தண்டவாளங்கள். டீசல் எஞ்சின் அப்பால் இருந்த தண்டவாளத்தில், ஈப்போ பக்கமிருந்து வர வேண்டும். எங்களுக்கு அருகில் இருந்தது காலியாகக் கிடந்தது. அந்தத் தம்பியும் என் மகளும் அதன் ஓரத்துக்கே போய்விட்டார்கள். மற்ற மூன்று பேர் சற்றுப் பின்னால். எல்லோருடைய முகமும் ஈப்போ பக்கம்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "பாப்பா, இங்க வா. தொப்பிய போட்டுக்க" என்று கூப்பிட்டேன்.

"அம்மா, இப்பவா? வெயிலுக்காகத்தானே இங்க வந்து நிக்கிறோம்!"

"வந்து வாங்கிட்டுப் போ. இல்லன்னா நான் அங்க வருவேன்."

அந்தத் தம்பி திரும்பாமலே, "போய் வாங்கிக்க தங்கச்சி. இல்லன்னா ஸ்டேஷன் மாஸ்டர் ரயில நிப்பாட்டிடுவாங்க" என்றார். அவள் முணுமுணுத்துக்கொண்டே என்னிடம் வந்தாள்.

அப்போது வளைவில் எஞ்சின் தெரிந்தது. கறுத்த புகை, தரையே அதிரும் சத்தம். ஓட்டுநர் ஹோன் அடித்தார். வழக்கம்போல் சின்னதாக இல்லை. கையை எடுக்காமல் அடித்துக்கொண்டே வந்தார்.

நாங்கள் எல்லோரும் கையைத் தூக்கி ஆட்டினோம். நானும் ஆட்டினேன். அந்தத் தம்பி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, "பை பை சொல்றாரு! நமக்கு பை பை சொல்றாரு!" என்று கத்தினார்.

அந்தச் சத்தத்தில் எங்கள் முதுகுப் பக்கமிருந்து, அருகில் இருந்த தண்டவாளத்தில் மின்சார ரயில் வந்தது யாருக்கும் கேட்கவில்லை.

ஒரு காற்று என்னை வேலியோடு சாய்த்தது. வெள்ளிநிறப் பெட்டிகள் கண்முன்னால் ஓடி முடிந்தபோது, நான் தேடியது ஒரே ஒரு முகத்தைத்தான். என் மகள் என் கையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள். "ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்று வாய்விட்டுச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். அதற்குப் பிறகுதான், தண்டவாளத்தின் ஓரத்தில் யாரும் நிற்கவில்லை என்பது எனக்கு உறைத்தது. மற்றவர்கள் அலற ஆரம்பித்திருந்தார்கள்.

அந்தத் தம்பியின் வீடு சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் ஒன்று. அடக்கத்தன்று அந்த டீசல் எஞ்சின் ஓட்டுநரும் வந்திருந்தார். மலாய்க்காரர், ஓய்வு பெறும் வயது. யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே ஒவ்வொருவரிடமும் போய், "சாயா ஹோன், டியா லம்பாய்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஹோன் அடித்தேன், அவன் கையசைத்தான் என்று அர்த்தம். எங்களுக்குப் பின்னால் வந்த ரயில் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எச்சரிக்கத்தான் அப்படி விடாமல் அடித்திருக்கிறார். நாங்கள் சிரித்துக்கொண்டு கையாட்டியதை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். என் மகள் அவர் முன்னால் தலையைக் குனிந்து நின்றாள். அவர் அவள் தலையைத் தொட வந்து, தொடாமலே கையை இழுத்துக்கொண்டார்.

கருமாதிக்கு நான் மட்டும் போனேன். மகள் வரவில்லை. அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. வகுப்புக்கும் போவதில்லை. என் அறையில் வந்து படுத்துக்கொள்வாள். மின்விசிறி வேகமாகச் சுற்றினாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அதையெல்லாம் அந்த வீட்டில் போய் எப்படிச் சொல்வது? அந்தத் தம்பியின் அம்மா இருந்த பக்கமே போகாமல், வாசலில் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். இலை போட்டுச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. நழுவிவிடலாம் என்று எழுந்தபோது அவரே வெளியே வந்துவிட்டார்.

"நீங்கதானே அந்தப் பொண்ணோட அம்மா?" என்று கேட்டு என் கையைப் பிடித்தார். ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய கை என்று பார்த்ததும் தெரிந்தது. "மவன் சொல்லுவான், ஒரு அக்கா கூடவே வருவாங்க, நாசி லெமாக் கொண்டாந்து தருவாங்கன்னு. என்னையும் கூப்புட்டான். முட்டி வலிடா, போடான்னுட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பொண்ணு எப்படிம்மா இருக்கு?"

நல்லா இருக்கா என்று சொன்னால் அந்தத் தாயின் முகத்தில் அடித்தது போலாகும். இல்லை என்று சொல்லவோ எனக்கு என்ன தகுதி? என் பிள்ளைக்கு மூச்சு இருக்கிறதே. நான் அழுதுகொண்டே நின்றேன். அவர் என் கையை விடவில்லை.

"அட சொல்லும்மா. நல்லா இருக்கான்னு சொல்லு. அந்த எடத்துல நின்ன புள்ளைங்கள்ல ஒண்ணாச்சும் நல்லா இருக்குன்னு என் காதுல விழட்டும்."

"நல்லா இருக்காம்மா" என்றேன்.

"சாப்புட சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் அப்படியே சொன்னேன். அன்றுதான் அவள் முதல் முறையாக உடைந்து அழுதாள். இரவு கொஞ்சம் கஞ்சி குடித்தாள். இப்போது வகுப்புக்குப் போகிறாள். கேமராவை இன்னும் தொடவில்லை. தொடு என்றும் நான் சொல்லவில்லை, தொடாதே என்றும் சொல்லவில்லை.

பஜாரிலோ சர்ச்சிலோ யாராவது பேச்சோடு பேச்சாக, "பொண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்கள். நல்லா இருக்கா என்று பதில் சொல்லும் ஒவ்வொரு தடவையும், அந்த வார்த்தையை இனி சொல்ல வழியில்லாத ஒரு தாய்தான் அதை என் வாயிலிருந்து கேட்டு வாங்கினார் என்பது நினைவுக்கு வருகிறது.