பின்வாசல் கூட்டம்

வாவியில் வலை வீசும் கோபாலரத்தினம் பிடித்த எதையும் லேசில் விடாதவன். சாராயத்தை விடுவதற்காகத்தான் வெல்லாவெளிக்குப் பஸ் ஏறினான். குடியை விட்டவர்கள் கூடும் கூட்டம் அவனுடைய வவுணதீவிலும் உண்டு. அங்கே போனால் ஊரே பார்க்கும்.

"வெல்லாவெளியில கூட்டங்கள் வைக்கிற பல்தேவைக் கட்டடத்துக்குப் போங்க அண்ணன். எழும்பிப் பேரையும் பிரச்சினையையும் சொன்னாப் போதும்" என்று கிளினிக்கில் நேர்ஸ் பிள்ளை சொல்லியிருந்தாள்.

உள்ளே கதிரை நிறைய ஆட்கள். இத்தனை பேரா என்று அவனுக்குப் பாதித் தெம்பு வந்தது. தலைமையில் இருந்த நரைமீசைக்காரர், "புது ஆளா? பேரையும் பிரச்சினையையும் சொல்லுங்க" என்றார்.

அவன் எழும்பினான். "கோபாலரத்தினம். விடிஞ்சாலும் குடி, பொழுதுபட்டாலும் குடி. மனுசி கதைக்கிறதில்ல. விட ஏலாம இருக்கு."

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. அது வயல்காரர்கள் வாய்க்கால் தண்ணீரைப் பற்றிப் பேசும் வட்டைக் கூட்டம். பின்வரிசையில் சிரிப்புக் கிளம்பியது.

அந்த வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டை விதானைதான் நரைமீசைத் தலைவர். அவர் சிரிக்கவில்லை. தன் வயல்காரர் அத்தனை பேரையும் ஒருமுறை பார்த்தார்.

"நீங்க தேடுற கூட்டம் பின்னறையில, தம்பி. இது முடியட்டும், சேந்து போவம். நானும் அங்க போறனான்தான். இவ்வளவு நாளும் பின்வாசலால போனன்."