மச்சான் கொட்டிய மண்ணும் அக்கா வீட்டு அடுப்பும்

ஏரியோரத்து மனையில் தண்ணீர் ஏறாமலிருக்க, என் மச்சான் டிராக்டர் டிராக்டராக மண் கொட்டி மேடாக்கினார். சில நாளிலேயே பக்கத்து வீட்டு நண்டு விற்கும் அக்காவின் சமையலறைத் தரை வீங்கி எழுந்தது. அடுப்பு சாய்ந்து, மீன் குழம்பு வாசல்வரை ஓடியது.

“டச்சுக் கல்லறைக்கும் என் வூட்டுக்கும் ஒரே சுவரு. உள்ள படுத்துனு கீறவன் எவனோ எழுந்துக்கறான்” என்று சொல்லி, ஆரம்பாக்கத்துத் தங்கை வீட்டோடு போய்விட மூட்டை கட்டிவிட்டார் அக்கா. தெருவே கூடிவிட்டது.

கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிறவன் நான். அப்போதுதான் பழங்காலக் கடல்களைப் பற்றி ஒரு புத்தகம் முடித்திருந்தேன். வாய் சும்மா இருக்குமா?

“பேய் இல்லக்கா. ஒரு காலத்துல கடலு வத்தி, உப்பு பாளம் பாளமா படிஞ்சுது. அதும்மேல சேறும் மணலும் கொட்டினே இருந்துச்சு. பாரம் ஏற ஏற உப்பு பெசஞ்ச மாவாட்டம் நகுரும். பாரம் கொறைஞ்ச பக்கமா மேல வரும். அது வுட்டுட்டுப் போன எடம் பள்ளமாவும், அதுல இன்னும் சேறு ரொம்பும். பூமியோட பாறைத் தட்டுங்க ஆளுக்கொரு பக்கம் இழுத்தா விரிசல் வுடும், உப்பு அந்த வழியா ஏறிக்கும். கடலடி மேடுபள்ளம் நெறைய அப்பிடி ஆனதுதான்.”

“அதுக்கு எம்மா நாளு ஆச்சு?”

“கோடிக்கணக்கா வருசம்.”

“எனக்கு மட்டும் ஏன்பா ஒரே வாரத்துல?”

“இங்க அடியில கீறது உப்பு இல்லக்கா, களிச்சேறு. அது கொஞ்சம் அவசரப்படும்.”

ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவுகிற கூட்டம் அது. ஊன்றிய காலைச் சுற்றிச் சேறு பிதுங்குவதை அவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன? அக்கா மூட்டையைக் கீழே வைத்தார்.

“அப்ப பாரம் வச்சது யாரு?”

எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். மச்சான் என்னைப் பார்த்தார். தன் தங்கையை எனக்குக் கட்டிக்கொடுத்த வருத்தம் முழுவதும் அந்தப் பார்வையில் இருந்தது.

“டச்சுக்காரன்னே வுட்டிருக்கலாமே மாப்ள” என்றார் மெதுவாக.

ஊர்த் தலைவர் மண்ணை அள்ளிவிடச் சொன்னார். அக்கா விடவில்லை.

“எங்க கொண்டுபோய் கொட்டுவாரு? பாதிய என் மனையில பரப்பட்டும். ரெண்டு பக்கமும் பாரம் ஒண்ணா கீதுன்னா சேறு எங்க ஏறும்? இன்னா தம்பி, சரிதான?”

மச்சான் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினேன்.

மறுநாள் முழுக்க அவர் கூடைகூடையாகச் சுமந்தார். அக்கா புதுத் தரையில் அடுப்பை நேராக வைத்து, சோறாக்கி, முதல் தட்டை அவரிடம் நீட்டினார். நானும் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன்.

“நீ பேசினவன்தானப்பா” என்றார் அக்கா. “சுமந்தவரு மொதல்ல துன்னட்டும்.”